டினியன்: நாலு ரன்வேயும் ஒரு சவுண்டல் காடும்

கூகுள் மேப்புல சேட்டிலைட் வியூ போட்டுட்டு ஜப்பானுக்குத் தெக்கால, பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கால தடவிக்கிட்டே போனீங்கன்னா பசிபிக் கடல் நடுவுல மரியானாத் தீவுகள்னு ஒரு வரிசை வரும். அதுல சைபன்னு ஒண்ணு, அதுக்குக் கீழ அஞ்சு கிலோமீட்டர் கடலைத் தாண்டினா டினியன். அந்த டினியனோட வடக்கு முனையை ஜூம் பண்ணிப் பாருங்க, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி கிழக்கு மேற்கா நாலு கோடு தெரியும், பக்கத்துல பக்கத்துல, ஒரே நீளத்துல. அது ரோடு இல்ல, நாலும் ரன்வே. 1945-ல உலகத்துலயே பெரிய ஏர்ஃபீல்டு அதுதான், பேரு நார்த் ஃபீல்டு. ஹிரோஷிமாவுக்குக் கிளம்புன விமானமும் நாகசாகிக்குக் கிளம்புன விமானமும் ஓடினது இந்த நாலு கோட்டுல மேல இருக்கற முதல் கோட்டுலதான்.

நமக்கெல்லாம் ஹிரோஷிமா தெரியும், எனோலா கே தெரியும், ஸ்கூல் புக்குல ஆகஸ்ட் 6 மனப்பாடம் பண்ணிருப்போம், ஆனா அந்த விமானம் எங்க இருந்து கிளம்புச்சுன்னு கேட்டா பாதிப்பேரு அமெரிக்கான்னு சொல்லுவாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்தக் காலத்து விமானம் எதுவும் அமெரிக்காவுல இருந்து கிளம்பி ஜப்பான்ல குண்டு போட்டுட்டு திரும்பிப் போக முடியாது, அவ்ளோ தூரம். இந்த ஏர்ஃபீல்டு ஏன் பொறந்துச்சு, ஏன் அநாதையாச்சு, இப்ப ஏன் மறுபடி தூசி தட்டுறாங்கன்னு எல்லாத்துக்கும் காரணம் அந்தத் தூரந்தான். அதைக் கையில புடிச்சுக்கிட்டா கதை தானா புரிஞ்சிரும்.

பி-29-ங்கற குண்டுவீச்சு விமானத்தோட கதையில இருந்து ஆரம்பிக்கலாம், எனோலா கே இந்த ரகந்தான். அணுகுண்டு ப்ராஜெக்டுக்கு அமெரிக்கா செலவழிச்சது சுமார் 200 கோடி டாலர், இந்த பி-29 விமானத்தை உருவாக்கித் தயாரிக்க ஆனது அதை விட ஜாஸ்தி, சுமார் 300 கோடி. அதாவது குண்டை விட அதைத் தூக்கிட்டுப் போற வண்டிக்கு செலவு ஜாஸ்தி. நாலு எஞ்சின், ஆளுங்க உக்கார்ற இடத்துல காத்தழுத்தம் சீரா வச்சிருக்கற கேபின், தூரத்துல இருந்தே திருப்பற துப்பாக்கின்னு அந்தக் காலத்துக்கு எல்லாமே புதுசு. புதுசா இருந்ததால பிரச்சினையும் புதுசு, முக்கியமா எஞ்சின் ஓவர்ஹீட் ஆகித் தீப்புடிச்சுக்கும், எஞ்சின்ல மக்னீசியம் கலந்த பாகம் இருந்ததால புடிச்சா அணைக்கவே முடியாது.

இந்த விமானம் ரெடியானப்ப அதை எங்க நிறுத்தறதுன்னு ஒரு கேள்வி. ஜப்பானுக்குப் போய்ட்டு வர்ற தூரத்துல அமெரிக்கா கையில நிலமே இல்ல. அதனால முதல்ல கொண்டு வந்து நிறுத்துன இடம் எது தெரியுமா, நம்ம நாடு. வங்காளத்துப் பக்கம் கரக்பூர், சாகுலியா, பியர்டோபா, துத்குண்டின்னு நாலு ஏர்ஃபீல்டு. கரக்பூர்ல இருந்த ஹிஜ்லி ஜெயில் கட்டடத்துலதான் அந்த பி-29 படையோட தலைமை ஆபீஸ், அந்தக் கட்டடத்துலதான் பிற்பாடு 1951-ல நாட்டோட முதல் ஐஐடி ஆரம்பிச்சாங்க. பகத் சிங் காலத்து விடுதலைப் போராட்டக்காரங்களை அடைச்சு வச்ச ஜெயில், அப்புறம் குண்டு விமானத் தலைமையகம், அப்புறம் எஞ்சினியரிங் காலேஜ். ஒரு கட்டடத்துக்கு இவ்ளோ அவதாரமான்னு தோணும்.

வங்காளத்துல இருந்து நேரா ஜப்பான் போக முடியாது. அதனால இமயமலையைத் தாண்டி சீனாவுல செங்டு பக்கம் இருந்த ஏர்ஃபீல்டுக்குப் போகணும், அங்க பெட்ரோல் போட்டுட்டு ஜப்பான் போகணும். ஆனா செங்டுவுல பெட்ரோல் ஏது? அதையும் இதே இமயமலை மேல விமானத்துலயே கொண்டு போகணும். ஒரு பி-29 ஒரு தடவை குண்டு போட்டுட்டு வர்றதுக்கு வேண்டிய பெட்ரோலைச் சேக்க மலைக்கு மேல பல ட்ரிப் அடிக்கணும், கிணத்துல தண்ணி எடுக்க வீட்ல இருந்து தண்ணி தூக்கிட்டுப் போன மாதிரி. அவ்ளோ பாடுபட்டும் செங்டுவுல இருந்து எட்டுனது ஜப்பானோட தெக்கு மூலை கியூஷு தீவு வரைக்குந்தான், டோக்கியோ எட்டவே இல்ல.

இதுல நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு இருக்கு, நம்மாள்ல நெறயப் பேருக்குத் தெரியாது. திருகோணமலை சீனக்குடா. அங்க இருந்த பிரிட்டிஷ் ஏர்ஃபீல்டோட ரன்வேயை நீட்டி, 1944 ஆகஸ்ட் 10-ம் தேதி 54 பி-29 விமானங்களைக் கிளப்பி சுமத்ராவுல பாலெம்பாங் எண்ணெய் ஆலையை அடிக்க அனுப்பினாங்க. போக வர ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல, அந்தப் போர்ல அவ்ளோ தூரம் போன குண்டுவீச்சு அபூர்வம். 39 விமானந்தான் பாலெம்பாங் வரைக்கும் போய்ச் சேந்துச்சு, கொஞ்சம் குண்டு போட்டுச்சு, கொஞ்சம் ஆத்துல கண்ணிவெடி போட்டுச்சு. ஆலைக்கு பெருசா சேதம் ஒண்ணும் இல்ல. ஒரே தடவையோட அந்த ஐடியாவை ஏறக்கட்டிட்டாங்க. இன்னிக்கு சீனக்குடான்னா எல்லாரும் எண்ணெய்த் தாங்கி அரசியல்தான் பேசறாங்க, அந்த ரன்வேல இருந்து ஒரு நாள் இவ்ளோ பெரிய கூட்டம் பறந்து போனது யாருக்கும் ஞாபகம் இல்ல.

தூரம் எப்படி ஆளைக் கொல்லும்னா, கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு விமானம் இவ்ளோ எடைக்கு மேல தூக்காது. தூரம் கூடினா பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினா குண்டு கொறையும், ஒரு கட்டத்துல பெட்ரோலை மட்டும் சுமந்துக்கிட்டு சும்மா போய்ட்டு வர்ற கதையாயிரும். அதனால மேப்பை விரிச்சு வச்சுக்கிட்டு டோக்கியோவுல காம்பஸ் முள்ளைக் குத்தி ஒரு வட்டம் போட்டா, கப்பல்ல நேரா பெட்ரோல் கொண்டு வந்து எறக்கற மாதிரி, சுத்திலும் கடலா, தட்டையா, பெருசா இருக்கற இடம் எதுன்னு பாத்தா மரியானாத் தீவுகள்ல போய் விழுது. டோக்கியோ அங்க இருந்து சுமார் 2,400 கிலோமீட்டர். பி-29-க்குப் போய்ட்டு வர்ற தூரம், மிச்சம் கொஞ்சம் கையில இருக்கும், அவ்வளவுதான்.

அப்ப டினியன் ஜப்பான்காரங்க கையில. அதுக்கு முன்னாடி ஸ்பெயின், அப்புறம் ஜெர்மனி. பூர்வகுடி சாமோரோ ஜனங்களை ஸ்பெயின்காரங்க 18-ம் நூற்றாண்டுலயே தெக்கால இருக்கற குவாம் தீவுக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க, தீவே காலியாக் கெடந்துச்சு. சாமோரோ ஜனங்க நட்டு வச்ச பெரிய கல்தூண் மட்டும் தாகா வீடுங்கற பேர்ல இன்னும் நிக்குது, பன்னெண்டுல ஒண்ணு மட்டும் நிக்குது, மத்ததெல்லாம் சாஞ்சு கெடக்கு. முதல் உலகப்போர்ல ஜெர்மனிகிட்ட இருந்து ஜப்பான் புடிச்சதுக்கப்புறம் நான்யோ கோஹாட்சுன்னு ஒரு சர்க்கரைக் கம்பெனி வந்து தீவு பூரா கரும்பைப் போட்டுட்டாங்க. ஒகினாவாவுல இருந்தும் கொரியாவுல இருந்தும் கூலிக்கு ஆள், குட்டி ரயில், மில்லு, ஸ்கூலு, கோயிலு, கிட்டத்தட்ட பதினஞ்சாயிரம் பேர் வாழ்ந்த ஊரு. வடக்கு முனையில 1939 வாக்குல ஜெயில் கைதிகளைக் கொண்டு வந்து ஒரு ரன்வே போட்டாங்க, நார்த் ஃபீல்டுக்கு விதை அதுதான். அதாவது இந்த ஏர்ஃபீல்டை ஆரம்பிச்சதே ஜப்பான். இது நெறய எடத்துல சொல்ல விட்டுப் போற விஷயம்.

1944 ஜூலை 24-ம் தேதி அமெரிக்க மரைன் படை எறங்குச்சு. டினியன்ல நல்ல அகலமான பீச்சு டவுன் பக்கந்தான், ஜப்பான்காரங்க பீரங்கியெல்லாம் அங்க திருப்பி வச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க. அமெரிக்காக்காரங்க ஒரு டிவிஷனை அந்தப் பக்கம் கப்பல்ல காட்டிப் பாவ்லா பண்ணிட்டு, நிஜமா எறங்குனது வடமேற்குல ரெண்டே ரெண்டு சந்துல, ஒண்ணு அம்பத்தஞ்சு மீட்டர், இன்னொண்ணு நூத்தி நாப்பத்தஞ்சு மீட்டர் அகலம். ஒரு கல்யாண மண்டபத்து வாசல் அளவுல ரெண்டு எடம்னு வச்சுக்கங்க, அது வழியா ஒரே நாள்ல பதினஞ்சாயிரம் பேரை எறக்கிட்டாங்க. ஒரு வாரத்துல தீவு முடிஞ்சிருச்சு, ஆகஸ்ட் 1-ம் தேதி கைப்பத்தியாச்சுன்னு அறிவிச்சாங்க. ராணுவப் பாடத்துல இதை ரொம்பப் புகழ்ந்து பேசுவாங்க. ஆனா தெக்கு முனையில ஒரு மலைச்சரிவு இருக்கு, அங்க இருந்து ஜனங்க குடும்பம் குடும்பமா குதிச்சாங்க, அமெரிக்காக்காரன் கையில சிக்கினா சித்திரவதைதான்னு சொல்லி வச்சிருந்ததை நம்பி. இன்னிக்கும் அதுக்குப் பேரு தற்கொலை மலை. மிச்சம் இருந்த சிவிலியன் ஜனங்க பதினோராயிரத்துக்கும் மேல, சூரோன்னு ஒரு முகாம்ல அடைச்சாங்க, போர் முடிஞ்சு 1946-லதான் ஊருக்கு அனுப்புனாங்க. அதாவது தீவோட ஒரு பக்கம் அவங்க முள்வேலிக்குள்ள காய்கறி போட்டுக்கிட்டு இருந்தப்ப, இன்னொரு பக்கத்துல இருந்து அவங்க சொந்த நாட்டை எரிக்க விமானம் கிளம்பிக்கிட்டு இருந்துச்சு. தினம் ராத்திரி அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் படுத்திருப்பாங்க.

இனி கட்டுமானம். இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கங்க.

சீபீஸ்னு அமெரிக்கக் கடற்படையில ஒரு கட்டுமானப் படை, கொத்தனாரு, பொக்லைன் ஓட்டறவங்க மாதிரி தொழில் தெரிஞ்ச ஆளுங்களைப் பொறுக்கிச் சேத்த படை. பதினஞ்சாயிரம் பேர் டினியன்ல எறங்குனாங்க. தீவு பூரா பவளப்பாறை மண்ணு, அதுதான் வரப்பிரசாதம். வெடி வச்சு ஒடைக்கிறது, லாரியில அள்ளுறது, கொட்டிப் பரப்பி ரோலர் விடுறது, மேல கடல் தண்ணியத் தெளிக்கிறது. நொறுக்குன பவளத்துல கடல் தண்ணி பட்டு இறுகினா சிமென்ட் மாதிரி கெட்டிப்பட்டுக்கும். அது மேல ஒரு தார் லேயர். ஒவ்வொரு ரன்வேயும் 8,500 அடி, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 2,600 மீட்டர், அகலம் 60 மீட்டர். மதுரை ஏர்போர்ட் ரன்வே 2,285 மீட்டருன்னு வச்சுக்கிட்டா, அதை விட நீளமா நாலு, பக்கத்துல பக்கத்துல. 1944 டிசம்பர்ல முதல் ரன்வே ரெடி, 1945 மே மாசத்துக்குள்ள நாலாவதும் ரெடி. ஏபிள், பேக்கர், சார்லி, டாக்னு வரிசையாப் பேரு வச்சாங்க. விமானம் நிறுத்தற திட்டு மட்டும் 265. இது போக தீவு நடுவுல வெஸ்ட் ஃபீல்டுன்னு இன்னும் ரெண்டு ரன்வே. இதுல சின்ன வட்டம் ஒண்ணு முழுசாச்சு: வங்காளத்துல இருந்த, சீனக்குடா வந்துட்டுப் போன 58-வது படைப்பிரிவை அப்படியே பெட்டி படுக்கையோட கொண்டு வந்து இந்த வெஸ்ட் ஃபீல்டுலதான் எறக்குனாங்க.

தீவு நீளவாக்குல நியூயார்க் மன்ஹாட்டன் மாதிரி இருந்ததால வேலை பாத்த பசங்க ரோட்டுக்கெல்லாம் அந்த ஊருப் பேரை வச்சுட்டாங்க. பிராட்வே, எட்டாவது அவென்யூ, 42-வது தெரு, ரிவர்சைடு டிரைவ். விளையாட்டுக்கு வச்ச பேரு ஒட்டிக்கிச்சு, பிராட்வேங்கற ரோடு இன்னிக்கும் அங்க அதே பேர்ல இருக்கு. ஊருக்கு ஏங்கிக்கிட்டுக் கெடந்த பசங்க, அவ்வளவுதான். ஆனா மன்ஹாட்டன்ல கொலம்பியா யுனிவர்சிட்டி இருக்கற எடத்துக்கு நேரா வர்ற ஏரியாவுல தங்க வச்சது எந்தப் பிரிவைன்னு பாத்தா அணுகுண்டுக்குன்னே பயிற்சி குடுத்த 509-வது பிரிவை. அணுவைப் பொளக்கற ஆராய்ச்சி அமெரிக்காவுல சூடு புடிச்ச எடங்கள்ல கொலம்பியா யுனிவர்சிட்டியும் ஒண்ணு. தெரிஞ்சு வச்சாங்களான்னு நெனச்சா, வாய்ப்பே இல்ல, எதுக்கு வந்திருக்கோம்னு அந்தப் பிரிவுல இருந்த பெரும்பாலான ஆளுங்களுக்கே தெரியாது.

1945 பிப்ரவரி 4-ம் தேதி கோபே நகரத்து மேல நார்த் ஃபீல்டு விமானங்கள் முதல் தடவையா ஜப்பானை அடிக்கப் போச்சு. ராத்திரி கிளம்பற காட்சியைக் கற்பனை பண்ணிப் பாருங்க. நூத்துக்கணக்கான விமானம், ஒவ்வொண்ணும் அறுபது டன் எடை, வரிசைல மெல்ல ஊந்து வந்து ரன்வே முனையில நிக்குது. நாலு ரன்வேல இருந்தும் நிமிஷத்துக்கு நிமிஷம் ஒண்ணு ஓடுது. அவ்ளோ எடையைச் சுமந்துக்கிட்டு ரன்வேயோட கடைசி அடி வரைக்கும் ஓடித்தான் தரையை விட்டு எழும்பும், அதுக்கப்புறம் பாறை விளிம்பு, கீழ கடல். சில பைலட்டுங்க விளிம்பைத் தாண்டினதும் கொஞ்சம் கீழ எறக்கி வேகத்தைச் சேத்துக்கிட்டு அப்புறந்தான் மேல ஏத்துவாங்க. எல்லாருக்கும் அது வாய்க்கல. ஓட்டத்துல ஒரு எஞ்சின் நின்னுச்சுன்னா முடிஞ்சது, பெட்ரோலும் குண்டும் சேந்து ரன்வே முனையிலயே எரியும், பின்னாடி வரிசைல நிக்கறவங்க அதைப் பாத்துக்கிட்டே தங்கள் முறைக்கு ஓடணும். வழியில பாதி தூரத்துல இருக்கற இவோ ஜிமா தீவைப் புடிச்சதுக்கப்புறம் அடிபட்ட விமானம் எறங்க ஒரு எடம் கெடச்சுச்சு, அதுக்கு முன்னாடி திரும்பி வர முடியாதவங்களுக்குக் கடல்தான்.

அவங்க பயத்தை இவ்ளோ சொன்னேன், அவங்க பண்ணதையும் சொல்லணும். மார்ச் 9 ராத்திரி, விடிஞ்சா 10. குவாம், சைபன், டினியன் மூணு தீவுல இருந்தும் முன்னூத்துச் சொச்சம் பி-29 கிளம்பி, 279 விமானம் டோக்கியோ மேல நெருப்புக் குண்டு போட்டுச்சு. பி-29 படைக்குத் தலைமை தாங்குன ஜெனரல் லெமே உயரத்துல இருந்து போடற பழக்கத்தை மாத்தி, துப்பாக்கியெல்லாம் கழட்டி எடையைக் கொறைச்சு, தாழப் பறந்து போடச் சொன்னாரு. இங்கயும் அதே தூரக் கணக்குதான், உயரம் ஏறாட்டி பெட்ரோல் மிச்சம், மிச்சம் ஆன எடைக்குக் குண்டு. மரத்துலயும் பேப்பர்லயும் கட்டுன வீடு நெறஞ்ச ஊரு. 41 சதுர கிலோமீட்டர் எரிஞ்சு சாம்பலாச்சு, சுமார் ஒரு லட்சம் பேர் செத்தாங்க, ஒரே ராத்திரில. இது அணுகுண்டு இல்ல, சாதா குண்டு. ஹிரோஷிமாவை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு இந்த ராத்திரியை நாம மறந்துட்டது எனக்கு எப்பவுமே உறுத்தும்.

இது போக நார்த் ஃபீல்டுல இருந்த 313-வது பிரிவுக்கு இன்னொரு வேலை, ஜப்பான் துறைமுகங்கள் வாசல்ல பாராசூட்ல கடல் கண்ணிவெடி போடறது. மார்ச் கடைசியில ஆரம்பிச்சு போர் முடியற வரைக்கும் பன்னெண்டாயிரம் கண்ணிவெடி. சாப்பாட்டுக் கப்பல், நிலக்கரிக் கப்பல், எல்லாம் நின்னுபோச்சு. அந்த ஆபரேஷனுக்கு அவங்க வச்ச பேரே பட்டினி. ஒளிச்சு மறைக்காம நேராப் பேரு வச்சிருக்காங்க, என்னத்தச் சொல்ல.

ஜூலை 26-ம் தேதி இண்டியனாபோலிஸ்னு ஒரு போர்க்கப்பல் டினியன்ல வந்து ஒரு பெட்டியையும் ஒரு கனமான உருளையையும் எறக்கிட்டுப் போச்சு. அணுகுண்டோட பாகமும் அதுக்கான யுரேனியமும். என்ன சுமந்துட்டு வந்தோம்னு கப்பல் மாலுமிங்க யாருக்கும் தெரியாது. நாலு நாள்ல, ஜூலை 30-ம் தேதி, அந்தக் கப்பலை ஜப்பான் நீர்மூழ்கி ஒண்ணு அடிச்சு முழுகடிச்சிருச்சு, கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு பேர்ல 316 பேர்தான் பொழைச்சாங்க. டினியனுக்கு வர்றப்ப அடிச்சிருந்தா சரித்திரமே வேற மாதிரி போயிருக்கும்னு சொல்லுவாங்க, அதெல்லாம் பேசிப் பிரயோஜனம் இல்ல.

குண்டு ஏத்துனது எப்படிங்கறது நல்ல கதை. ஹிரோஷிமாவுக்குன்னு வச்ச குண்டுக்குப் பேரு லிட்டில் பாய், நாலு டன்னுக்கு மேல எடை, விமானத்தோட வயித்துக்கும் தரைக்கும் நடுவுல நுழையாத அளவுக்குப் பருமன். அதனால தரையிலயே காங்க்ரீட் குழி வெட்டி, குண்டை ட்ரெய்லரோட கொண்டு வந்து குழிக்குள்ள எறக்கிட்டு, அப்புறம் விமானத்தைப் பின்பக்கமா தள்ளிக்கிட்டு வந்து குழிக்கு மேல நிறுத்தி, கீழ இருந்து ஹைட்ராலிக் லிஃப்ட்ல தூக்கி வயித்துக்குள்ள மாட்டுனாங்க. நம்மூர் சர்வீஸ் சென்டர்ல லாரி அடியில ஆள் நின்னு வேலை பாக்கற குழி இருக்குல்ல, அதோட பெரிய உருவம்னு நெனச்சுக்கலாம். லிட்டில் பாய்க்கு ஒரு குழி, நாகசாகியில போட்ட ஃபேட் மேன் குண்டுக்கு ஒரு குழி.

ஆகஸ்ட் 5 சாயங்காலம் ஒரு பிரச்சினை கெளம்புச்சு. குண்டுக்குப் பொறுப்பா இருந்த கடற்படை அதிகாரி பார்சன்ஸ், சமீபத்துல அடுத்தடுத்து பி-29-ங்க ரன்வே முனையில விழுந்து எரியறதைப் பாத்திருந்தாரு. இதே மாதிரி இந்த விமானமும் எரிஞ்சா குண்டு வெடிச்சு பாதித் தீவு போயிரும். அதனால வெடிமருந்தைத் தரையில போட வேணாம், பறக்கும்போது நானே உள்ள போய்ப் போடறேன்னு சொல்லிட்டு, அன்னிக்கு சாயங்காலம் பூரா அந்த வெக்கையில, கூனிக் குறுகி உக்காந்து விமானத்தோட வயித்துக்குள்ள மறுபடி மறுபடி பழகுனாரு. கையெல்லாம் கிராஃபைட் அப்பிக் கறுத்து, வெட்டுப்பட்டு ரத்தம். போர்ல போட்ட முதல் அணுகுண்டுக்குக் கடைசி நேரத்துல நடந்த வேலை ஒரு மெக்கானிக் வேலை மாதிரி தான் இருந்துச்சு.

ராத்திரி விமானத்தைச் சுத்தி ஃபோகஸ் லைட்டு, கேமரா, சினிமா பூஜை மாதிரி. பைலட் திபெட்ஸ் தன்னோட அம்மா பேரை விமானத்து மூக்குல எழுத வச்சிருந்தாரு, எனோலா கே. கிட்டத்தட்ட 26,500 லிட்டர் பெட்ரோல், வழக்கமான எடையை விட ரொம்ப ஜாஸ்தி. அதிகாலை 2:45. ஏபிள் ரன்வேல கடைசி வரைக்கும் ஓட விட்டுத்தான் தூக்குனாரு. பறக்க ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல பார்சன்ஸ் உள்ள போய் வெடிமருந்துப் பையை மாட்டிட்டு வந்துட்டாரு. டினியன் கடிகாரத்துல 9:15, ஹிரோஷிமா கடிகாரத்துல 8:15. அந்த வருஷ முடிவுக்குள்ள செத்தவங்க சுமார் 1,40,000 பேர். விமானம் மத்தியானம் மூணு மணிக்கு முன்னாடி டினியன்ல எறங்கியாச்சு, மெடல் குத்த ஜெனரல் காத்துக்கிட்டு நின்னாரு.

மூணு நாள் கழிச்சு அதே ஏபிள் ரன்வேல பாக்ஸ்கார்ங்கற இன்னொரு பி-29. இதுல இருந்த ஃபேட் மேன் குண்டை வானத்துல வச்சுக் கோக்க முடியாது, ஏறும்போதே கோத்த குண்டு, பார்சன்ஸ் பயந்த அதே ஆபத்தை வயித்துல வச்சுக்கிட்டுத்தான் ரன்வேல ஓடுச்சு. போதாக்குறைக்கு ரிசர்வ் டாங்க் பம்ப் வேலை செய்யல, அந்தப் பெட்ரோலை எடுக்கவும் முடியாது, கீழ ஊத்தவும் முடியாது, சும்மா சுமக்கணும். முதல் இலக்கு கோகுரா, அங்க புகையும் மேகமும், மூணு தடவை சுத்திட்டு நாகசாகிக்குத் திரும்புச்சு. வருஷக் கடைசிக்குள்ள அங்க 70,000 பேருக்கு மேல. விமானத்தால டினியனுக்குத் திரும்ப முடியல, ஒகினாவாவுல எறங்குச்சு, பெட்ரோல் தீர்ற நேரம்.

ஒரு வாரத்துல போர் முடிஞ்சது. ரெண்டு வருஷத்துக்குள்ள ஏர்ஃபீல்டும் முடிஞ்சது. அவ்ளோ பெரிய ஊரு, ஆயிரக்கணக்கான ஆளு, சினிமாக் கொட்டாய், ஆஸ்பத்திரி, எல்லாத்தையும் விட்டுட்டுக் கெளம்பிட்டாங்க. ஏன்னா இப்ப ஒகினாவாவுலயும் ஜப்பானுக்குள்ளயுமே அமெரிக்காவுக்குத் தளம் கெடச்சிருச்சு, 2,400 கிலோமீட்டர் தள்ளி ஒரு தீவுல எதுக்குக் காசைக் கொட்டணும். 1948-ல யாப் தீவுல இருந்த சாமோரோ குடும்பங்களைக் கொண்டு வந்து தெக்குப் பக்கம் குடி வச்சாங்க, இன்னிக்கு டினியன்ல இருக்கற ரெண்டாயிரம் பேர்ல நெறயப் பேர் அந்த வழி வந்தவங்க. வடக்குப் பக்கம் மட்டும் காடாச்சு.

என்ன காடுன்னு கேட்டா, சவுண்டல். ஆமா, நம்ம ஊரு சவுண்டல்தான், சூபாபுல்னு சொல்லுவாங்களே. போர்ல மொட்டையாப் போன தீவுல மண்ணு அரிச்சுட்டுப் போகாம இருக்க விமானத்துல இருந்து விதை தூவுனாங்க, அங்க அதுக்குப் பேரு தங்கன்தங்கன். எங்க வீட்ல ஆடு இருந்தப்ப வேலியோரத்துல ஒரு வரிசை சவுண்டல் நின்னுச்சு, ஸ்கூல் விட்டு வந்ததும் ஒடிச்சுப் போடறது என் வேலை. காய் வெடிச்சு விதை சிதறினா அடுத்த மழைக்குக் காலடியெல்லாம் செடி, புடுங்கிக்கிட்டே இருக்கணும், வெட்டினா முன்ன விட அடர்த்தியா வரும். எங்க அம்மாச்சி அதைப் பாத்து, இது கடன்காரன் மாதிரி, கதவைச் சாத்தினா சன்னல் வழியா வரும்பாங்க. ஒரு வரிசைக்கே அந்தப் பாடு. ஒரு தீவு முழுக்கத் தூவினா எழுவது வருஷத்துல என்னாகும்னு யோசிங்க. விமானம் நிறுத்துன திட்டு, விமானம் ரன்வேக்கு ஊந்து போற டாக்சி ரோடு, கூடாரம் போட்ட எடம் எல்லாத்தையும் மூடிருச்சு. ரன்வேயோட தாரும் பவளமும் கெட்டியா இருந்ததால நடுவுல மட்டும் மூட முடியல, வெடிப்புல புல்லும் ஓரத்துல சவுண்டலுமா கெடந்துச்சு. ஜப்பான்காரங்க கட்டுன காங்க்ரீட் ஆபீஸ் கட்டடம் குண்டடி பட்ட ஓட்டையோட நடுவுல நிக்குது. 1985-ல தேசிய வரலாற்றுச் சின்னம்னு அறிவிச்சாங்க. மண்ணு போட்டு மூடி வச்சிருந்த ரெண்டு குண்டுக் குழியையும் 2004-ல மறுபடி தோண்டி எடுத்து மேல கண்ணாடிக் கூரை போட்டாங்க. போனா குனிஞ்சு பாக்கலாம், உள்ள ஒண்ணும் இல்ல, சுவரும் ஈரமுந்தான்.

இந்த நிலம் யாருதுன்னு கேட்டா அது ஒரு தனி வயித்தெரிச்சல். 1970-கள்ல இந்தத் தீவுகள் அமெரிக்காவோட சேர ஒப்பந்தம் போட்டப்ப, டினியனோட வடக்கு மூணுல ரெண்டு பங்கு, கிட்டத்தட்ட 17,800 ஏக்கர், ராணுவத்துக்குக் குத்தகைன்னு எழுதிக்கிட்டாங்க. 50 வருஷத்துக்கு ஒண்ணேமுக்கால் கோடி டாலர், அதுக்கப்புறம் இன்னொரு 50 வருஷம் நீட்டிக்கிட்டா கூடுதலா ஒரு பைசா தர வேண்டாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. கணக்குப் போட்டா ஏக்கருக்கு ஆயிரம் டாலருக்கும் கம்மி, நூறு வருஷத்துக்கு. நம்மூர்ல ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்தைக் கூட அப்படி யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. விலைவாசியைச் சேத்துப் பணம் குடுத்தது 1983-ல. அப்புறம் பல வருஷம் ஒண்ணும் நடக்கல, எப்பயாவது மரைன் பயிற்சி, 2012-ல சும்மா பாத்துரலாம்னு சி-130 சரக்கு விமானத்தைப் பழைய ரன்வேல எறக்கிப் பாத்தாங்க, எறங்குச்சு.

இப்ப தூரம் மறுபடி உள்ள வருது, வேற ரூபத்துல. சீனாவோட ஏவுகணை இப்ப குவாம் வரைக்கும் எட்டும். குவாம்ல ஆண்டர்சன் ஏர்பேஸ்னு ஒரே எடத்துல அமெரிக்கா எல்லாத்தையும் குமிச்சு வச்சிருக்கு, நாலு ஏவுகணை விழுந்தா அம்புட்டும் போச்சு. ஆகவே முட்டையை நாலு கூடையில வைக்கற மாதிரி, விமானங்களைப் பல தீவுல பிரிச்சு வைக்கணும்னு விமானப்படை முடிவு பண்ணிருக்கு. குவாமுக்குப் பக்கத்துல ரெடிமேடா நாலு ரன்வே எங்க இருக்குன்னு தேட வேண்டியதே இல்ல. அன்னிக்கு டோக்கியோவுக்குக் கிட்ட வேணும்னு டினியனைப் புடிச்சாங்க, இன்னிக்கு சீனாவுக்கு ரொம்பக் கிட்டயும் வேணாம், ரொம்பத் தள்ளியும் வேணாம்னு அதே டினியனுக்கு வந்திருக்காங்க. 2023 கடைசியில பசிபிக் விமானப்படைத் தலைவர் ஜெனரல் வில்ஸ்பாக் வெளிப்படையாவே சொன்னாரு, காட்டுக்கு அடியில ரன்வே இருக்கு, அதை மீட்கப் போறோம்னு. 2024 ஏப்ரல்ல 40 கோடி டாலருக்கு மேல ஒரு காண்ட்ராக்ட் குடுத்தாங்க. பழைய வெஸ்ட் ஃபீல்டுதான் இன்னிக்கு டினியனோட சிவில் ஏர்போர்ட், அது பக்கத்துலயும் ராணுவத்துக்குன்னு தனியா வேலை நடந்துக்கிட்டு இருக்கு.

ரெண்டாயிரம் பேர் இருக்கற ஊர்ல வேலை வருமேன்னு ஒரு கட்சி, மீன் புடிக்கற எடமும் ஆத்தா அப்பன் சமாதியும் வேலிக்குள்ள போயிருமேன்னு ஒரு கட்சி. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ஆனா ராணுவ வேலைக்குப் பெரும்பாலும் வெளியாளுங்கதான் வருவாங்கங்கறதை வச்சுப் பாத்தா எனக்கு ரெண்டாவது கட்சி மேலதான் சாய்வு.

பழைய சேட்டிலைட் படத்தையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும். முன்ன பச்சைக்கு நடுவுல மங்கலா நாலு கோடு. இப்ப ஏபிள் பக்கம் பச்சையை வழிச்சு எடுத்து, பவளம் வெள்ளையாத் தெரியுது, டாக்சி ரோடு ஒவ்வொண்ணா பழையபடி வெளிய வருது. குத்தகையோட முதல் 50 வருஷம் 2033-ல முடியுது. சவுண்டலை வேரோட எடுத்திருக்காங்களா இல்ல மேலோட்டமா வெட்டிட்டு விட்டிருக்காங்களான்னு படத்துல தெரியல. வெட்டி விட்டிருந்தா அடுத்த மழைக்கு வந்துரும்.